முற்றத்தில் அறுபது பேர்: புதுச்சேரியின் பழைய வீட்டைச் சிறு கலைக்கூடமாக்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் பெரிய விழாவுக்குக் கம்பன் கலையரங்கம் இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனங்களின் கூடங்கள் இருக்கின்றன. கடற்கரையில் காந்தி திடல் இருக்கிறது. ஆனால் முதல் முறையாக மேடை ஏறும் ஒரு வாய்ப்பாட்டுக்காரருக்கோ, இருபது ஓவியங்களை வைத்துக்கொண்டு இடம் தேடுபவருக்கோ இவை பொருந்தாது. நூற்றுக்கணக்கான நாற்காலிகளுக்கு முன்னால் ஐம்பது பேர் உட்கார்ந்தால் அரங்கம் காலியாகத்தான் தெரியும். பாடுபவருக்கும் மனம் விட்டுப்போகும். அதே ஐம்பது பேர் ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் இடம் நிறைந்துவிடும்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதித் தெருக்களில் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன. தெருத் திண்ணை, வாசலிலிருந்து உள்ளே போகும் நடையான ரேழி, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் கூடம். இவற்றில் ஒன்றை 60 பேர் அமரும் கலைக்கூடமாக்க என்னென்ன செய்யவேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். அங்கே போகவேண்டிய அலுவலகங்கள் மட்டும் வேறு.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்கவேண்டியது அழகை அல்ல, பத்திரத்தை. இந்த ஊரில் பழைய வீடு என்றால் பங்காளிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் இங்கே, ஒருவர் சென்னையில், இருவர் பிரான்சில். சாவி வைத்திருப்பவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூரையைச் சரிசெய்து முடித்த பிறகு, இன்னொரு பங்காளி வந்து கேட்டால் போட்ட காசு போனதுதான். எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும், அல்லது எல்லோர் சார்பிலும் அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் போடவேண்டும். வழக்கமான 11 மாத ஒப்பந்தம் இதற்கு உதவாது. பழுதுபார்ப்புக்கே ஆறு மாதம் போய்விடும். குறைந்தது மூன்று வருடக் குத்தகை கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தே ஆகவேண்டும்.

அடுத்தது வாசல்கள். பழைய வீடுகள் பலவற்றுக்குத் தெருப்பக்கம் ஒரே வாசல்தான். கொல்லைப்பக்கம் இன்னொரு வழி, அடுத்த தெருவுக்கோ சந்துக்கோ திறக்கிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். கதவு இருந்தும் பின்னால் யாரோ செங்கல் அடுக்கி வைத்திருந்தால் அது வழி இல்லை. இரண்டாம் வழி இல்லாத வீட்டில் 30 பேருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது எங்கள் கணக்கு. இதில் சமரசம் செய்யாதீர்கள்.

மூன்றாவதாகப் பார்க்கவேண்டியது மாடியை. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரை, தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகள் பரப்பி, செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிணைத்த தளம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் குடியிருப்புத் தளம் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ எடையைக் கணக்கில் கொண்டது. நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு இந்தியத் தரக் குறியீடு கேட்பது சுமார் 500 கிலோ. அதோடு உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். வெளியே தெரியும் பகுதி பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும்வரை மேலே யாரையும் ஏற்றவேண்டாம். பொதுவாகவே மாடியை அலுவலகமாகவும் சாமான் அறையாகவும் வைத்துக்கொண்டு, கூட்டத்தைத் தரையோடு நிறுத்துவதுதான் நல்லது. சாமான் அறை என்றாலும் பழைய புத்தகங்களை ஒரே மூலையில் அடுக்காதீர்கள்.

அனுமதியும் அக்கம்பக்கமும்

ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவுசெய்துகொள்வது நல்லது. வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, நன்கொடை ரசீது எல்லாம் தனி ஆள் பெயரில் இருந்தால் இரண்டாம் வருடம் சண்டை வரும். குடியிருப்பு வீட்டைப் பொது நிகழ்ச்சிக்குப் பயன்படுத்த நகராட்சியையும், திட்டக் குழுமத்தையும், தீயணைப்புத் துறையையும் தனித்தனியே கேட்கவேண்டும். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். இருந்தால் முகப்பில் ஆணி அடிப்பதற்குக்கூட யோசிக்கவேண்டும். வைசியாள் வீதியில் நடந்து பார்த்தால் தெருத் தாழ்வாரமும் திண்ணையும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருவதன் அருமை புரியும். அதன் நடுவே ஒரு ஃப்ளெக்ஸ் போர்டை மாட்டினால் தெருவே கெட்டுவிடும்.

ஒலிபெருக்கி பற்றி மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்கைத் தவிர வேறெங்கும் கூடாது. முற்றம் திறந்த வானம். அதை மூடிய அரங்கு என்று வாதிட்டுப் பயனில்லை. குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் அதைவிட 5 டெசிபல்தான் கூடலாம், அதாவது 60. இருவர் பேசிக்கொள்ளும் அளவு அது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவித்திருந்தால் அங்கே இன்னும் குறைவு. இதைப் படித்ததும் சோர்ந்துவிட வேண்டாம். 60 பேர் இருக்கும் முற்றத்துக்கு மைக் தேவையே இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

சட்டம் ஒருபுறம் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் உண்மையான அனுமதி அதிகாரிகள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். உங்கள் மிருதங்கம் அவர்கள் பூஜை அறையில் கேட்கும். முதல் நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே இருபுறமும் மூன்று மூன்று வீடு, எதிரே மூன்று வீடு நேரில் போய், மாத நாளையும் முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். முன்வரிசையில் அவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். அந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் மார்ச் மாதத்தில் தாளவாத்தியம் வைக்காதீர்கள். முடிவதாகச் சொன்ன நேரத்துக்கு முடிப்பது, எத்தனை இனிப்பு கொடுத்தாலும் ஈடாகாத விஷயம்.

சுவரும் ஈரமும்

கடல் காற்று படும் ஊரில் சுவர் பொருமி, உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உதிரும். இதற்குச் சிமென்ட் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஓதத்தை இழுத்து மேற்பரப்பு வழியாக வெளியே விடும். மேலே சிமென்ட்டோ பிளாஸ்டிக் பெயின்ட்டோ அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் இருந்த கறை அடுத்த மழைக்கு ஐந்தடியில் நிற்கும்.

செய்யவேண்டியது இது. பழைய சிமென்ட் பூச்சைக் கறை தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுங்கள். இணைப்புகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மூன்று வாரமாவது காயவிடுங்கள். நீறாக்கி இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்றுமணல் இரண்டரைப் பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, ஒரு பூச்சுக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் இரண்டு பூச்சு. வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் பதப்படுத்துங்கள். அவசரப்பட்டால் மயிரிழை வெடிப்பு விழும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். வேலையை பிப்ரவரியில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடியும். செப்டம்பரில் தொடங்கினால் அடுத்த பிப்ரவரியில்தான் முடியும்.

முற்றத்து நீர் வெளியேறும் தூம்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அது அடைத்துக்கொள்ளும்வரை. தூம்பிலிருந்து தெருச் சாக்கடை வரை குழாய் எப்படிப் போகிறது என்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தெருவைப் பலமுறை மேடாக்கித் தார் போட்டதால், பல வீடுகளின் முற்றம் இப்போது தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அப்படியானால் மழைநீர் வெளியே போகாது, உள்ளே வரும். ஒரு சிறு தொட்டி கட்டி, அரை எச்.பி. மோட்டார் வைத்து வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் இந்த மோட்டாரை வீண் செலவு என்று சொல்லமாட்டார்கள்.

எத்தனை பேர், எங்கே மேடை

மேடை கட்டாதீர்கள். வீடே மேடையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. தாழ்வாரம் முற்றத்தைவிட ஓரடி, ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். பாயில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த உயரம் மிகச் சரியானது. கலைஞர்கள் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில், பின்னால் கூடம் இருக்க, தெருவைப் பார்த்து அமரட்டும். அப்போது தாமதமாக வருபவர்கள் ரேழி வழியாகப் பார்வையாளர்களின் முதுகுப்பக்கம் நுழைவார்கள். பின்கட்டு அறைகள் ஒப்பனைக்கு ஆகும்.

இதில் ஒரு சிக்கல் வரும். கழிப்பறை கொல்லையில் இருக்கும். கச்சேரி நடுவே எழுந்து போகிறவர் பாடகருக்குப் பக்கத்தில் நடந்து போவார். பக்கத் தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து பின்கட்டுக்குத் தனி வழி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரேழிக்குப் பக்கத்து அறை ஒன்றைக் கழிப்பறையாக்குவதுதான் முதல் கட்டடச் செலவு.

கணக்கு இப்படி வரும். முற்றம் 16 அடிக்கு 20 அடி என்றால் 320 சதுர அடி. நீளவாக்கில் 4 அடி அகல நடைபாதை, 80 சதுர அடி. மேடைக்கு முன் 3 அடி இடைவெளி, நடைபாதை போக 36 சதுர அடி. மிச்சம் 204. பாயில் சம்மணமிட்டு ஒருவர் அமர 5 சதுர அடி வேண்டும், ஆக 40 பேர். இருபுறத் தாழ்வாரத்தில் தூண்களுக்கு இடையே எட்டெட்டு நாற்காலி, பின்பக்கம் நான்கு. மொத்தம் 60. தாழ்வாரத்தில் நாற்காலிக்குப் பின்னாலோ முன்னாலோ 3 அடி நடக்க இடம் இருக்கவேண்டும். 5 அடி அகலத் தாழ்வாரத்தில் ஒரே வரிசைதான். இரண்டாவது வரிசையைத் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நாற்காலிகளை வயதானவர்களுக்கே விடுங்கள். இளைஞர்கள் வந்த வேகத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள், ஒருவர் நின்று மெதுவாகச் சொல்லவேண்டியிருக்கும்.

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் மூவருக்கு 8 அடிக்கு 10 அடி வேண்டும். 5 அடித் தாழ்வாரம் போதாது. தாழ்வாரத்தின் உயரத்துக்கே பலகை மேடை ஒன்றை 4 அடி முற்றத்துக்குள் நீட்டுங்கள். பத்துப் பேர் இடம் குறையும். பரதநாட்டியம் என்றால் தனி ஆட்டத்துக்கே 14 அடிக்கு 14 அடி தேவை. கருங்கல் தரையிலோ சிமென்ட்டிலோ தட்டடவு ஆடவைத்தால் முழங்காலும் கணுக்காலும் போய்விடும். 18 மி.மீ. மரைன் பிளைவுட்டை, ஒன்றரை அடிக்கு ஒன்றாக மரச்சட்டம் வைத்து, சட்டத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்துப் பரப்புங்கள். திருகுகளின் தலை மேலே தெரியக் கூடாது. இந்த வீட்டுக்கு இதுதான் எல்லை. குழு நடனத்துக்கு வேறு அரங்கைத் தேடச் சொல்லிவிடலாம்.

ஒலி

முற்றத்தின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். “டர்ர்” என்று பல்லி கத்துவதுபோல் ஒரு அதிர்வு வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி பந்துபோல் அடித்துக்கொள்கிறது என்று பொருள். இரண்டு சுவரையும் மூடவேண்டாம்; ஒன்று போதும். பவானி ஜமுக்காளம் இரண்டை, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டிவைத்தால் கீச்சொலியை மட்டும் விழுங்கிவிட்டுக் கனமான ஒலியை அப்படியே விடும். மக்கள் நிறைந்த பிறகு முற்றம் மாறிவிடும் என்பதால், காலி இடத்தில் செய்யும் ஒலிச்சோதனையைக் கொஞ்சம் கூடுதல் அதிர்வோடு விட்டு வையுங்கள்.

பழகிய குரல் இந்த அளவு முற்றத்தை மைக் இல்லாமல் நிறைக்கும். கேட்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்விசிறிதான். பழைய சீலிங் ஃபேன் எட்டு ஓடினால் பாடகரின் கீழ்ஸ்தாயி போயிற்று. பேரிங் மாற்றி, பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். அப்படியும் மைக் வேண்டும் என்றால், வயலினுக்கும் குரலுக்கும் மட்டும் போதும், மிருதங்கத்துக்கு வேண்டாம். இரண்டு சிறு ஸ்பீக்கரை முன்னால் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, நான்கு ஸ்பீக்கரைத் தூணுக்கு ஒன்றாகக் கேட்பவர் அருகே வைத்துக் குறைவாக ஓட்டினால், முற்றத்தில் தெளிவாகக் கேட்கும், தெருவுக்குப் போகாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்ற கணக்கு இங்கே கைகொடுக்கும்.

பறை, நாதசுரம், தவில் மூன்றும் இந்த முற்றத்துக்கு உரியவை அல்ல. அவை வீதிக்கும் திடலுக்கும் கோவில் பிராகாரத்துக்கும் வளர்ந்த வாத்தியங்கள். நாலு சுவருக்குள் வைத்தால் வாத்தியத்துக்கும் காதுக்கும் செய்யும் அநியாயம். பறைக்குத் தெருவில் அரைமணி நேர அனுமதி வாங்கி, கூட்டத்தை வெளியே அழைத்துப் போங்கள். பறை காய்ச்சும் நெருப்பையும் வெளியே, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு மூட்டுங்கள்.

மின்சாரம்

பழைய வயரிங்கை நம்பாதீர்கள். மரச்சட்டத்தில் ஓடும் அந்தக் காலத்து வயரைத் துண்டித்துவிட்டுப் புதிதாக இழுங்கள். தேவை பெரிதல்ல: நான்கு எல்.இ.டி. பார் லைட் 700 வாட், விசிறிகள் 600, ஒலிக்கருவி 500, மற்றவை 500. ஆக இரண்டரைக் கிலோவாட்டுக்குள், சுமார் 11 ஆம்பியர். ஒலிக்குத் தனி சர்க்யூட், விளக்குக்கும் விசிறிக்கும் தனி. இரண்டையும் ஒரே பிளக்கில் செருகினால் டிம்மரைத் திருப்பும்போதெல்லாம் ஸ்பீக்கர் உறுமும். மெயின் வயர் 4 சதுர மி.மீ., பிளக் வயர் 2.5. நிகழ்ச்சி வயரிங் முழுதும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே போகவேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக் பிடிப்பவருக்கு உயிர்க்காப்பு அதுதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கடல் காற்றில் அதுவும் இறுகிப்போகும்.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் சூடேறி உருகும், முழுவதும் விரித்துவிடுங்கள். பிளக் பாயின்ட்டுகள் தரையிலிருந்து இரண்டரை அடியாவது மேலே இருக்கட்டும்.

தீயணைப்பானில் 4 கிலோ ஏ.பி.சி. பவுடர் ரகம் ரேழியில் ஒன்று, ஒப்பனை அறையில் ஒன்று. மின்பலகை அருகே கார்பன் டை ஆக்சைடு ரகம் ஒன்று. கீற்றுப் பந்தல் மட்டும் வேண்டவே வேண்டாம், எவ்வளவு குளிர்ச்சி என்றாலும். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு இதில் பேச ஒன்றுமில்லை. நிகழ்ச்சி நடக்கும்போது இரு வாசல் கதவுகளும் முழுதும் திறந்து, கொக்கி மாட்டி நிற்கவேண்டும். உள்நோக்கித் திறக்கும் கனத்த கதவு, நெரிசலில் திறக்காது.

ஓவியக் கண்காட்சிக்கு

ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது, காரை பெயர்ந்து வரும். தாழ்வாரத்து உத்திரத்துக்குக் கீழே ஒரு மரச்சட்டத்தை நிரந்தரமாகப் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள். கொக்கிகள் பித்தளையில், இரும்பு ஒரு பருவத்தில் துரு வடித்துச் சட்டத்தில் கறை விடும். சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் ஓரங்குலமாவது காற்று போக வழிவிடுங்கள், இல்லையேல் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

காகிதத்தில் வரைந்த நீர்வண்ணங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது, எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும். முற்றத்து வெயில் இதைப்போல் பல நூறு மடங்கு. ஆகவே காகித வேலைகள் கூடத்துக்குள்தான். விளக்கைச் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்து வையுங்கள். கண்ணாடியில் பார்ப்பவரின் முகமே தெரியாமல் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காகித ஓவியக் கண்காட்சியே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

கூத்து வந்தால்

தெருக்கூத்து என்பது இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுவது. ஊருக்குள் அதே பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தவேண்டும். இந்த முரண்பாட்டை மறைத்துக் கூத்துக் குழுவை அழைக்காதீர்கள். முழுக் கூத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்வது அவர்களை அவமதிப்பது. முன்பே பேசி, ஒரு கதையின் இரண்டு மணி நேரப் பகுதி என்று முடிவு செய்யுங்கள். எந்தப் பகுதி என்பதை வாத்தியாரே தீர்மானிக்கட்டும். களரி கட்டுவதை மட்டும் நேரமில்லை என்று வெட்டவேண்டாம். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்து இடத்தைக் கூத்துக்கு உரியதாக்கும் பத்து நிமிடம் அது.

மாலை ஆறரைக்கு ஆட்டம் என்றால் குழு மூன்று மணிக்கே வந்தாகவேண்டும். அரிதாரம் பூசி, கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டி முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒப்பனை அறையில் தரையில் உட்கார்ந்து முகம் எழுத வசதியாகத் தாழ்வான கண்ணாடி, அதன் இருபுறமும் விளக்கு, தேங்காய் எண்ணெய், பழைய துணி, குடிநீர், அதிகம் ஓடாத விசிறி. வேகமாக ஓடினால் பூச்சு காய்ந்து வெடிக்கும்.

எல்லோரும் தவறவிடும் விஷயம் நிலைப்படி. பழைய வீட்டு உள்நிலைகள் ஐந்தரை, ஆறடி உயரம்தான். கிரீடம் வைத்த வேடக்காரர் ஏழடி நிற்பார். முதல் காட்சியிலேயே துரியோதனன் குனிந்து தவழ்ந்து வந்தால் சபை சிரித்துவிடும். ஒப்பனை அறையிலிருந்து ஆடுகளம் வரை நாடாவால் அளந்து வழியை முடிவு செய்யுங்கள், அல்லது கிரீடத்தைத் தாழ்வாரத்தில், திரைக்குப் பின்னால் சூட்ட ஏற்பாடு செய்யுங்கள்.

ஆடுகளம் இங்கே தாழ்வாரம் அல்ல, முற்றமே. 12 அடிக்கு 12 அடி விட்டுவிட்டு, பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்சைப் பின்னால் போட்டு, மக்களை மூன்று புறமும் தாழ்வாரத்திலும் ஓரத்திலும் உட்காரவையுங்கள். 35 பேருக்கு மேல் சேராது. சலங்கை கட்டிய காலின் மிதி சிவப்பு ஆக்சைடு தரையைச் சில்லுச் சில்லாக்கும், அதனால் களத்தில் இரண்டங்குலத்துக்கு மணலும் செம்மண்ணும் பரப்பி, நீர் தெளித்துத் தட்டிவிடுங்கள். அதற்கு முன் தூம்பின் வாயில் கோணித்துணி அடைக்கவேண்டும்.

கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கும் ஊர் இது. அவர் பெயரிலேயே பல்கலைக்கழகத்தில் நாடகப் பள்ளி தொடங்கப்பட்டது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கு, திரை, ஒப்பனை வேலைகளைக் கொடுத்து, கூலியும் கொடுங்கள். “அனுபவம் கிடைக்குமே” என்று இலவசமாக வேலை வாங்கும் பழக்கம் இந்த முற்றத்தில் தொடங்கவேண்டாம்.

வெயில், மழை, நாட்காட்டி

ஏப்ரல், மே மாதங்களில் முற்றத்துக் கல் மாலை ஏழு வரை சூடு விடும். நான்கு மணிக்கு ஒருமுறை, ஐந்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். ஆறுக்கு ஊற்றினால் பாய் நனையும். வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். நவம்பரில் 5.40-க்கே சூரியன் மறையும், ஜூலையில் 6.40 ஆகும். விளக்குச் சோதனை அதற்கு ஏற்ப.

வடகிழக்குப் பருவமழைக்கு 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தார்ப்பாய், இழுத்து மூடி மடக்கும் வகையில். ஆறடிக்கு ஓரடி சரிவாவது இருக்கவேண்டும்; குறைந்தால் நடுவில் தொப்பைபோலத் தண்ணீர் தேங்கும், ஒரு சதுர மீட்டரில் பத்து செ.மீ. தேங்கினாலே 100 கிலோ. தார்ப்பாயை வீட்டு மரத்தூண்களில் கட்டாதீர்கள், தனியாக ஜி.ஐ. பைப் நிறுத்துங்கள். பாலிகார்பனேட் கூரை போட்டால் தூறலுக்கே முரசு கொட்டும், பாட்டு முடிந்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தார்ப்பாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, நிகழ்ச்சியை ஒத்திவையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையில் எதையெல்லாம் பிடுங்கி எறிந்தது என்பது ஊருக்கே தெரியும்.

நாள் குறிக்கும்போது மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பக்கம் கூட்டம், வில்லியனூர்த் தேர், ஆடியில் வீராம்பட்டினத் தேர், மே மாதத்தில் கம்பன் விழாவின் மூன்று நாட்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை கூடுவதால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாதத்தின் இரண்டாம் சனி என்று ஒரே நாளை வைத்துக்கொண்டால் மூன்றாம் மாதத்திலிருந்து சொல்லாமலே வருவார்கள்.

பாட்டுரிமை, பணம்

பாரதியின் எழுத்து நாட்டுடைமை, தாராளமாகப் பாடலாம். கட்டணம் வாங்காமல், அமெச்சூர் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. டிக்கெட் விற்றால் அந்த விலக்கு போய்விடும். சினிமாப் பாட்டுக்கு உரிமக் கட்டணம் கட்டவேண்டும். வாசலில் பித்தளைச் செம்பு வைத்து விருப்பம்போல் போடச் சொல்வது பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் கலைஞரின் சம்பளத்தை அந்தச் செம்பை நம்பி வைக்காதீர்கள். முன்பே பேசி, நிகழ்ச்சி தொடங்கும் முன் உறையில் கொடுத்துவிடுங்கள். செம்பில் விழுவது தேநீருக்கும் மின்கட்டணத்துக்கும்.

அன்றைய மாலை

5.30-க்கு இரு கதவும் திறந்து கொக்கி. 5.45-க்கு ஆர்.சி.சி.பி. சோதனை, ஒலி. 6.00-க்குத் தெருமுனையில் ஒருவர் நின்று, இருசக்கர வண்டிகளை ஒரே பக்கமாக நிறுத்தவைக்கவேண்டும். எதிர்வீட்டு வாசலை மறைத்த ஒரு ஸ்கூட்டர், ஒரு வருட நல்லுறவைக் கெடுக்கும். வருபவர்களை ரேழியில் எண்ணிக்கொண்டே இருங்கள். 60 ஆனதும் அடுத்தவருக்குத் திண்ணைதான், அவர் யாராக இருந்தாலும். செருப்புகளைத் திண்ணைக்கு அடியில் பலகையில் அடுக்குங்கள். வாசலில் குவிந்தால் அவசரத்தில் தடுக்கி விழுவார்கள். 6.30-க்கு ஆரம்பம். வரவேற்புரை இரண்டு நிமிடம், பொன்னாடை வேண்டாம். இடைவேளை இல்லாமல் 80 நிமிடம். 60 பேருக்குத் தேநீர் ஆறு லிட்டர், குடிநீர் 20 லிட்டர் கேன் இரண்டு.

8.30-க்குள் விளக்கைக் குறைத்துவிடுங்கள். அதற்குமேல் நின்று பேசுகிறவர்கள் திண்ணையில் அல்ல, உள்ளே முற்றத்தில் பேசட்டும். 9 மணிக்குத் தெருக்கதவு சாத்தவேண்டும். பாய்களை அன்றிரவே சுருட்டாதீர்கள், முதுகு வியர்வையும் தரை ஈரமும் சேர்ந்து மறுநாளே நாற்றம் எடுக்கும். தாழ்வாரத்துக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, மெயினை அணைத்து, தூம்பின் வாயில் அடைத்த கோணியை எடுத்துவிட்டீர்களா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.